நியாயஸ்தலத்தில் ஒரு துளை

புதுச்சேரிக்குப் போகிறேன், லீவு வேண்டும் என்று கேட்டதும் கருப்பட்டிக் கடை முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷமாக லீவே கேட்காத ஆள், கேட்கிறபோது புதுச்சேரிக்கா கேட்கிறான் என்ற பார்வை. மூட்டை இறக்குகிறவர்கள், திரும்பி வரும்போது தங்களை மறந்துவிடக் கூடாது என்றார்கள். எங்கள் ஊர் நாசரேத் பக்கத்தில் புதுச்சேரி என்றால் மது பாட்டில்தான். புத்தகம் வாங்கப் போகிறேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் அதிகமாகச் சிரித்திருப்பார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் தெரியாது. ஆனால் பழைய தமிழ்க் கிறிஸ்தவப் புத்தகங்களைச் சேர்ப்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. அதிலும் பியூரிட்டன்கள் என்று சொல்லப்படும் பழைய இங்கிலாந்துப் போதகர்களின் புத்தகங்கள் என்றால் சாப்பாடு வேண்டாம். கோயிலில் படம் வேண்டாம், சிலை வேண்டாம், அலங்காரம் வேண்டாம், வசனம் ஒன்று போதும் என்று பிடிவாதமாக நின்றவர்கள் அவர்கள். அதற்காகச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. பிற்காலத்தில் மிஷனரிகள் அந்தப் பிரசங்கங்களைத் தமிழாக்கி அச்சிட்டார்கள். இன்று அவை பழைய பேப்பர்க் கடைகளில், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்தான் கிடைக்கும்.

அப்படி என்னிடம் இருப்பதில் ஒன்று ‘உள்ளத்தின் நியாயஸ்தலம்’. நியாயஸ்தலம் என்றால் கோர்ட்டு. மனச்சாட்சி என்ற கோர்ட்டில் மனிதன் எப்படி நிற்பான் என்பதுதான் விஷயம். என்னிடம் முதல் பாகம் மட்டும் இருந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட புத்தகங்களைச் சந்தா கட்டியவர்களுக்குப் பகுதி பகுதியாக அனுப்புவார்களாம். தாள் தீர்ந்த இடத்தில் பாகமும் முடியும். வாக்கியம் முடிந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் முதல் பாகத்தின் கடைசி வரி இது: “அப்பொழுது நியாயாதிபதி உன்னை நோக்கி, உனக்காகப் பேசுகிறவன் யாரென்று கேட்பார். அதற்கு நீ சொல்லும் மறுமொழி”. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அட்டை.

புதன்கிழமைதோறும் ஆபிரகாம் அண்ணாச்சி வீட்டில் எங்கள் தெரு ஜெபக் கூட்டம் நடக்கும். பக்கவாதம் வந்து அவர் கட்டிலோடு கிடப்பதால் கூட்டத்தை அவர் கட்டிலைச் சுற்றியே வைத்துக்கொண்டோம். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராத எனக்கு வாசிக்க மட்டும் வரும். அந்தக் கடைசி வரி வந்த நாளிலிருந்து கூட்டம் அங்கேயே நிற்கிறது. மறுமொழி என்ன என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு புதனும், “அந்தப் பதிலத் தெரியாம என்னய அனுப்பிராதீய” என்பார். போன மாதம் அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் புதுச்சேரியில் ஒரு பழைய புத்தகக் கடையில் இரண்டாம் பாகம் இருப்பதாகத் தெரிந்தது. போனில் கேட்டேன். இருக்கிறது, வாருங்கள் என்றார் கடைக்காரர். முதல் பாகத்தை ஒரு துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

விழுப்புரத்தில் பஸ் மாறினேன். புதுச்சேரியில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது நான் எதிர்பார்த்த கடல் இல்லை, போட்டோ எடுக்கும் கூட்டம். கடற்கரைக்குப் போகும் தெருக்களில் சுவரெல்லாம் மஞ்சள். ஒவ்வொரு மஞ்சள் சுவருக்கு முன்னாலும் ஒரு ஜோடி. ஒரு வீட்டு வாசலைக் கடக்க நான் காத்து நின்றேன், அந்த வீட்டுக்காரரும் கையில் பால் பாக்கெட்டோடு தன் வாசலுக்குள் போகக் காத்து நின்றார். எங்கள் ஊரில் யார் வீட்டு வாசலையாவது இப்படி மறித்து நின்றால் விளக்குமாறு வரும்.

இட்லி நன்றாக இருந்தது. சாம்பார் இனித்தது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கடைக்காரர் பெயர் பிரகாசம். வயதானவர், வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஜெபமாலை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கம் போலிருக்கிறது, வருகிறவர்களையெல்லாம் ஐயா என்பதற்குப் பதில் மெசியே என்றார். நான் துண்டை அவிழ்த்து முதல் பாகத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, அது போய்விட்டதே என்றார். போன வாரம்தான் போனதாம். நான் வருவதாகச் சொல்லியிருந்தேனே என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

“போன்ல வரேன்னு சொன்னவன்லாம் வந்திருந்தா நான் இந்நேரம் பாரீசுல இருப்பேன், மெசியே.”

விலை அதிகம் கொடுத்த யாரோ படிப்பாளி வாங்கிப் போயிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அப்படியில்லை. அவர் புத்தகத்தை அடிக் கணக்கில் விற்றிருந்தார். செத்துப்போன ஒரு வக்கீல் வீட்டிலிருந்து வந்த அலமாரியை ஒரு ஆள் டேப் வைத்து அளந்து, இத்தனை அடி என்று எடுத்துக்கொண்டு போனானாம். தட்டாஞ்சாவடியில் பட்டறை. பழைய புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, நடுவில் கம்பி விட்டு, மேலே பல்பு மாட்டி, மேசை விளக்காகச் செய்து ஓட்டல்களுக்குக் கொடுக்கிறார்கள்.

எனக்குப் புரியவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார்களா என்றேன்.

“பழுப்பா இருக்கணும், தடிமனா இருக்கணும். உள்ள இன்னா இருந்தா பல்புக்கு இன்னா?” என்றார் பிரகாசம். பிறகு என்னை ஒருமுறை உற்றுப் பார்த்து, நான் எந்தக் கோயில் என்று விசாரித்தார். சொன்னேன். “ஓ, பதிதக்காரரா” என்று சிரித்துக்கொண்டே எனக்கு டீ சொன்னார்.

பதிதர் என்றால் விழுந்துபோனவர்கள். கத்தோலிக்கர்கள் அந்தக் காலத்தில் எங்களுக்கு வைத்த பெயர். அதை நான் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன். என் காது கேட்க ஒரு மனிதர், அதுவும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே சொல்வார் என்று நினைக்கவில்லை. டீயைக் குடித்தேன். நன்றி என்றேன். வெளியே வந்து, எதிரிலிருந்த மஞ்சள் சுவரைப் பார்த்துக்கொண்டு, உள்ளே சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் சொன்னேன். அந்தச் சுவருக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்கள்.

அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் செய்ய ஓடவில்லை. லாட்ஜ்காரர் என் ஒற்றைப் பையைப் பார்த்து, மதுக்கடை எது, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று நான் கேட்காமலே சொன்னார்.

மறுநாள் காலையில் தட்டாஞ்சாவடிக்குப் பஸ் ஏறினேன். எதையும் ஒருமுறைதான் கேட்பேன், இரண்டாம் முறை கேட்க எனக்கு வாய் வராது. நின்ற பஸ்ஸைக் காட்டி ஒருவரிடம் கேட்டேன், அவர் தலையாட்டினார். அவர் ஆட்டியது போகும் என்றா, போகாது என்றா என்று மூலக்குளத்தில் இறங்கியபோதுதான் தெரிந்தது. வில்லியனூர் ரோட்டில் புதுப் புது வீடுகள், ஒவ்வொன்றிலும் பெயின்ட் வாசனை. கண்டக்டர் என்னை இறக்கிவிட்டு, “கேட்டுட்டு ஏறக் கூடாதா பெரியவரே” என்றார். கேட்டுவிட்டுத்தானே ஏறினேன். பெரியவர் என்றது வேறு எரிச்சலோடு சேர்ந்துகொண்டது. என்னைவிட அவருக்குத்தான் நரை அதிகம். வெயிலில் நின்று, ஷேர் ஆட்டோ பிடித்து, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறை அது. உள்ளே நுழையும்போதே தாள் கருகுகிற வாசனை. துளை போடும் மெஷின் புத்தகத்துக்குள் இறங்கும்போது அப்படித்தான் வருமாம். தரையில் பழுப்பு நிறத் தூள். அது தூளல்ல, எழுத்து. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன், பிறகு எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை.

மெஷினை நிறுத்திவிட்டு வந்தவரிடம் முதல் பாகத்தைக் காட்டி, “அண்ணாச்சி, இதுக்கு ஜோடி ஒண்ணு இங்க வந்துதா?” என்றேன்.

அவர் சிரித்தார். “அண்ணாச்சின்னா இங்க மளிகக் கடைக்காரருங்க. நான் பல்பு மாட்றவன். வேலாயுதம்.”

அவருடைய ஊர் வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார், இவர் டவுனில் பட்டறை வைத்திருக்கிறார். முதல் பாகத்தைக் கையில் வாங்கி, முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. இதே மாதிரி ஒன்று போட்டேன், விளக்கில் அடியிலிருந்து மூன்றாவதாக வரும் என்றார். போட்டேன் என்றால் துளை போட்டேன் என்று அர்த்தம். கடற்கரைப் பக்கம் ஒரு காபிக் கடைக்குக் கொடுத்தாகிவிட்டது.

நான் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வந்தது ஒரே வரி. “அது வேத சம்பந்தமான புத்தகம்” என்றேன்.

வேலாயுதத்தின் சிரிப்பு நின்றது. “சாமி புத்தகமா?”

ஆமாம் என்றேன்.

அவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஒரு பலகையைக் காட்டினார். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வரிசையாகப் புத்தகங்கள். மாதா படம் போட்ட ஜெபப் புத்தகங்கள், ஒரு ராமாயணம், அரபி எழுத்தில் ஒன்று, தேவாரம், அட்டையில் இருதயப் படம் போட்ட இன்னொன்று. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே சரமாகப் பூ. அலமாரி அலமாரியாக வரும் புத்தகங்களில் சாமி புத்தகத்தையெல்லாம் பொறுக்கி எடுத்து இங்கே வைத்துவிடுவாராம். யார் சாமியாக இருந்தாலும் சரி. அதில் மெஷினை வைக்க மாட்டார்.

“அப்ப இத ஏன் வச்சீங்க?” என்று கேட்டேன். என் வாழ்க்கையில் அன்னியர் ஒருவரிடம் குரலை உயர்த்திக் கேட்டது அதுதான்.

அவர் முதல் பாகத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினார். “நீங்களே பாருங்க. படம் இருக்கா? சிலுவ இருக்கா? ஒரு பூ இருக்கா? முதுகுல நியாயஸ்தலம்னு போட்டிருக்கு. வக்கீல் வீட்ல இருந்து வந்துது. கோர்ட்டு புக்குன்னு நெனச்சிட்டேன்.”

பார்த்தேன். ‘உள்ளத்தின்’ என்ற சொல் என் புத்தகத்திலேயே தேய்ந்துபோயிருக்கிறது. மிச்சம் நிற்பது நியாயஸ்தலம். வெறும் பழுப்புத் துணி அட்டை. ஒரு கோடுகூட இல்லை. அந்த மனிதர்கள் படம் கூடாது என்று சண்டை போட்டார்கள், பட்டினி கிடந்தார்கள், சிறையில் செத்தார்கள். அவர்களுடைய புத்தகத்தில் ஒரு படம் இல்லை என்ற காரணத்தால் கம்பி இறங்கிவிட்டது. மாதா படத்தோடு வந்தவையெல்லாம் பூ வைத்துக்கொண்டு பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன. யார்மேல் கோபப்படுவது? பிரகாசத்தின் மேலா, வேலாயுதத்தின் மேலா, தேய்ந்துபோன ஒரு சொல்லின் மேலா? ஆள் கிடைக்காததாலேயே கோபம் இன்னும் ஏறியது.

வேலாயுதம் அதற்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். போய் எடுத்து வந்துவிடலாம் என்றார். காபிக் கடை மத்தியானத்துக்கு மேல்தான் திறப்பார்களாம். அதுவரை சாப்பிடலாம் என்று தன் வண்டியில் ஏற்றித் தேங்காய்த்திட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய மச்சான் அங்கே மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஏலம் முடிந்து ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தேங்காய் சேர்க்காத மீன் குழம்பு. புளியும் மிளகாயும் மட்டும். எங்கள் பக்கத்தில் இப்படி வைத்தால் பெண் வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். ஆனால் கோபத்தில் இருக்கிறவனுக்கு அந்தக் குழம்புதான் சரி. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். வேலாயுதம் சரியாகச் சாப்பிடவில்லை. தெரியாமல் செய்தால் சாமி கணக்கில் வைக்குமா வைக்காதா என்று என்னிடம் கேட்டார். அதைப் பற்றித்தான் அந்தப் புத்தகமே என்றேன். ஆனால் முதல் பாகத்தில் அதற்குப் பதில் இல்லை.

காபிக் கடை வெள்ளைச் சுவரும் பெரிய கதவுமாக இருந்தது. உள்ளே ஒரு மரம். மெனுவில் ஒரு எழுத்து தமிழில் இல்லை. காபியோடு ஒரு குட்டிக் கிண்ணத்தில் பழுப்புச் சர்க்கரை தனியாக வந்தது. அதைக் காபியில் போடுவதா அப்படியே தின்பதா என்று தெரியாமல் விட்டுவிட்டேன். கருப்பட்டிக் கடையில் வேலை செய்கிறவன் சர்க்கரைக்கு முன்னால் இப்படி விழிக்க வேண்டியிருந்தது. விளக்கு மூலையில் இருந்தது. ஐந்து புத்தகங்கள், நடுவில் பித்தளைக் கம்பி, மேலே துணிக் கூடு. அடியிலிருந்து மூன்றாவது, நியாயஸ்தலம், இரண்டாம் பாகம். கையை வைத்தேன். பல்பின் சூட்டில் அட்டை வெதுவெதுப்பாக இருந்தது.

மேனேஜர் ஒரு சின்ன வயதுக்காரர். என்னை அங்கிள் என்றார். வேலாயுதம் அவரிடம் போய், அந்த விளக்கில் வயரிங் சரியில்லை, தொட்டால் ஷாக் அடிக்கும், எடுத்துப் போய்ச் சரி செய்து கொண்டுவருகிறேன் என்றார். சொன்ன வேகத்தில் மேனேஜர் பிளக்கைப் பிடுங்கி விளக்கை என் கையில் கொடுத்துவிட்டார். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்தேன்.

அங்கே கால் நின்றுவிட்டது. இதைப் பொய் சொல்லி எடுத்துப் போய், ஆபிரகாம் அண்ணாச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மனச்சாட்சியைப் பற்றி எந்த முகத்தோடு வாசிப்பது? யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். யாருக்கும் தெரியாததை விசாரிக்கிற கோர்ட்டுதானே அது.

திரும்பிப் போனேன். அத்தனை மேசையிலும் ஆட்கள். “ஷாக் அடிக்காது. வயர் நல்லாத்தான் இருக்கு. எனக்கு இதுல உள்ள புத்தகம் வேணும், அதுக்காகத்தான்” என்றேன். மேனேஜருக்குக் கேட்கவில்லை. இன்னொருமுறை சொல்ல வேண்டியதாகிவிட்டது.

“இத்தினி நேரம் உங்க வாயி எங்க இருந்துச்சி?” என்றார் வேலாயுதம், பல்லைக் கடித்துக்கொண்டு.

மேனேஜர் விளக்கை வாங்கி மறுபடியும் மூலையில் வைத்தார். விற்க முடியாது, போட்டோவில் எல்லாம் இந்த விளக்கு வருகிறது என்றார். பிறகு வெளியூரில் இருக்கும் முதலாளியம்மாவுக்குப் போனில் முகம் தெரிகிற மாதிரி அடித்தார். அந்த அம்மா ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்கள். எதற்கு இந்தப் புத்தகம் என்று மேனேஜர் என்னைக் கேட்க, இதன் முதல் பாகம் பையில் இருக்கிறது என்றேன், காட்டச் சொன்னார். காட்டினேன். போனை அதன்மேல் பிடித்தார், விளக்கின்மேல் பிடித்தார், மறுபடியும் இதன்மேல். என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைப் பிறகு எனக்குத் தமிழில் சொன்னார்: கலர் மாறக் கூடாது, தடிமன் மாறக் கூடாது, மற்றபடி ஒன்றுமில்லை.

“சிம்பிள், அங்கிள். அதக் குடுங்க, இத எடுத்துக்கோங்க. ரெண்டும் ஒண்ணுதான்.”

ரெண்டும் ஒண்ணுதான். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. இத்தனை பேர் வந்து உட்கார்ந்து, அந்த வெளிச்சத்தில் முகத்தைக் காட்டிப் படம் பிடித்துப் போயிருக்கிறார்கள். தலையைச் சாய்த்து, இது என்ன எழுத்து, என்ன சொல்கிறது என்று பார்த்தவர் ஒருவர் உண்டா? தமிழ் பேசுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு தமிழ் எழுத்தை அலங்காரமாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அப்போது நான் அதைச் சொல்லவில்லை. நான் வேறொன்று யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் பாகம் எங்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட மனப்பாடம். இரண்டாம் பாகம் இல்லாமல் திரும்பினால் அடுத்த புதனும் அண்ணாச்சி கேட்பார். என் கை முதல் பாகத்தை மேசைமேல் வைத்தது. அதன்மேலிருந்து கையை எடுக்கவும் செய்தேன்.

வேலாயுதம்தான் அதை எடுத்துத் துண்டில் சுற்றினார். “இத நான் துள போட மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க.”

அடுத்த ஆர்டர் வேண்டுமா வேண்டாமா என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“ஆர்டரு வரும், பூடும். தெரியாம செஞ்சதுக்கே சாமி கண்ணக் குத்துமான்னு பயந்துகினு இருக்கேன். தெரிஞ்சி செய்யச் சொல்றியா?”

நான் தலை நிமிரவில்லை. என் புத்தகத்தை என்னிடமிருந்து காப்பாற்ற, அதில் ஒரு வரி படிக்காத மனிதர் வர வேண்டியிருந்தது. கடைசியில் அவரே வழியும் சொன்னார். பட்டறையில் நிஜமான கோர்ட்டு புத்தகம் ஒன்று இருக்கிறது, பிரெஞ்சில், இதே பழுப்பு, இதே தடிமன். விளக்கை இப்போதே எடுத்துப் போய், நாளைக் காலை அதைப் போட்டுக் கொண்டுவருகிறேன் என்றார். மேனேஜர் மறுபடியும் போன் செய்தார். போனில் இருந்தவருக்குப் பழுப்பு போதுமாயிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் பட்டறைக்கு நான் பஸ்ஸில் போகவில்லை, நடந்தே போனேன். வேலாயுதம் திருகாணியைக் கழற்றி, கம்பியை உருவி, புத்தகத்தை என் கையில் வைத்தார். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு துளை, சுண்டுவிரல் நுழைகிற அளவு. ஓரம் கருகியிருந்தது. முதல் பக்கத்தைத் திறந்தேன். என்ன எழுதியிருக்கிறது, சத்தமாகப் படியுங்கள் என்றார்.

படித்தேன். “அதற்கு நீ சொல்லும் மறுமொழி” என்று நான் மனப்பாடமாகத் தொடங்க, புத்தகம் முடித்தது: “ஒன்றுமிராது. நீ ஊமையனைப்போல் நிற்பாய். அப்பொழுது உனக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, இவனுக்காக நான் பேசுவேன் என்பார்.”

வேலாயுதம் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “வக்கீல் வராரா?”

ஆமாம், ஒரு வகையில் என்றேன்.

“அப்ப கோர்ட்டு புக்குதானே? நான் சொன்னது சரியாத்தான் இருக்கு.”

அவர் பிரெஞ்சுப் புத்தகத்தை மெஷினுக்குக் கீழே வைத்தபோது நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அதிலும் யாரோ ஒருவருடைய வழக்கு இருந்திருக்கும். தாள் கருகும் வாசனை வாசல்வரை வந்தது. அதற்காகவும் கோபம்தான், ஆனால் அந்தக் கோபத்தில் நானும் பங்காளி.

திரும்பும் வழியில், எல்லை தாண்டும் இடத்தில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைச் சோதித்தார்கள். என் பையில் பாட்டில் இல்லை என்பதே அந்தக் காவலருக்குச் சந்தேகமாக இருந்தது. புத்தகத்தைத் திறந்து துளை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். எதற்கு ஓட்டை என்றார். நான் ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். பஸ்ஸில் இருந்த எல்லோரும் கத்தினார்கள். போய்யா என்று விட்டுவிட்டார்.

அந்தப் புதன் ஆபிரகாம் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒன்றுமிராது என்ற சொல் வந்ததும், “அதான” என்றார். பின்னால் ஒருவர் எழுந்து பேசுவார் என்ற வரியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். மற்றவர்கள் எல்லோரும் தாங்கள் அன்றைக்கே இதைத்தான் சொன்னதாகச் சொன்னார்கள்.

இப்போது தொல்லை துளையால்தான். பக்கத்துக்கு மூன்று நான்கு வரிகளில் ஒவ்வொரு சொல் இல்லை. கூட்டத்துக்கு வரும் டீச்சரம்மா, இதெல்லாம் ஊகித்துவிடலாம் என்று பென்சிலை எடுத்தார்கள். நான் பென்சிலை வாங்கி வைத்துவிட்டேன். ஒரு சொல்லுக்காக ஒரு மனிதர் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார், அதை நாம் வடை தின்றுகொண்டே நிரப்புவதா? துளை வரும்போது நிறுத்துவேன், மூச்சு விடுவேன், மேலே போவேன்.

போன வாரம் வேலாயுதம் போன் செய்தார். புத்தகத்தின் அட்டையில் ஒரு சிலுவையாவது வரைந்து வையுங்கள், நாளைக்கு உங்களுக்கு அப்புறம் யார் கைக்குப் போகுமோ என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை எரிச்சல்படுத்தியது. படம் கூடாது என்று உயிரை விட்டவர்களின் அட்டையில் நான் படம் வரைவதா? போதகரிடம் கேட்டால் வேத நூல் என்று எழுதச் சொல்வார். பட்டறையில் மெஷினை நிறுத்துவது சாமி என்ற வார்த்தைதான் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

எங்கள் கூட்டத்தில் கடவுளை யாரும் சாமி என்று சொல்வதில்லை. கர்த்தர் என்போம், ஆண்டவர் என்போம். ஆனாலும் கறுப்பு மையை எடுத்து, பழுப்பு அட்டையில், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரிப் பெரிதாக எழுதினேன்: இது சாமி புத்தகம். எழுதி முடிக்கிறவரை கோபம் அடங்கவில்லை. போதகர் பார்த்தால் கேட்பார். கேட்கட்டும். வாசிக்கிறவர்களுக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது. இது துளை போடுகிறவர்களுக்கு.